வரப்போகும் வேலையை யார் அறிவார்?

ஒரு வேலையைப் பாதி வேகத்தில் செய்தால் மின்சாரமும் பாதிதான் செலவாகும் என்று நமக்குத் தோன்றும். ப்ராசஸர் விஷயத்தில் அது சரியல்ல. விநாடிக்கு 200 கோடித் துடிப்புகளில் ஓடும் கடிகாரத்தை 100 கோடிக்கு இறக்கினால், சில்லு இழுக்கும் மின்திறன் பாதியாகிறது. ஆனால் வேலை முடிய இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. பாதித் திறன், இரு மடங்கு நேரம். இரண்டையும் பெருக்கினால் பேட்டரியிலிருந்து போன ஆற்றல் முன்பு போனதேதான். வேகத்தை மட்டும் குறைத்து ஒரு ஜூலைக்கூட மிச்சம் பிடிக்க முடியாது.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் மின்னழுத்தம். சில்லுக்குள் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் அதோடு இணைந்த கம்பியும் மிகச் சிறிய மின்தேக்கியாக நடந்துகொள்கின்றன. ஒரு பிட் 0-விலிருந்து 1-க்கு மாறும்போது அந்தத் தேக்கி நிரம்புகிறது. மீண்டும் 0 ஆகும்போது வடிகிறது. ஒருமுறை நிரப்பி வடிக்க ஆகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். 1 வோல்ட்டை 0.7 வோல்ட்டாக்கினால், 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கி 0.49. அதே கணக்கு, அதே விடை, ஏறத்தாழ பாதி ஆற்றல். ஆனால் அழுத்தம் குறையும்போது டிரான்சிஸ்டர் மாற எடுக்கும் நேரம் நீள்கிறது. அடுத்த துடிப்பு வருமுன் விடை தயாராகவில்லை என்றால் தவறான பிட் அடுத்த கட்டத்துக்குள் போய்விடும். ஆகவே அழுத்தத்தை இறக்குவதற்கு முன் கடிகாரத்தை மெதுவாக்கியே ஆக வேண்டும். அதிர்வெண்ணைக் குறைப்பதால் கிடைக்கும் பயன் இவ்வளவுதான்: அது மின்னழுத்தத்தைக் குறைக்க வழிவிடுகிறது.

இந்த வழியை அழுத்தந்திருத்தமாகக் காட்டியவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன். 1992-இல் பெர்க்லியில் சாமுவேல் ஷெங், ராபர்ட் புரோடர்சன் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, குறைந்த மின்திறனில் சுற்றுகளை வடிவமைப்பது எப்படி என்பதை விளக்கியது. அழுத்தத்தை இறக்கு, அதனால் இழந்த வேகத்தை, பல பகுதிகளை ஒரே நேரத்தில் வேலை செய்ய வைத்து மீட்டுக்கொள் என்றது அது. இன்று நம் கைப்பேசியில் ஒரே வேகமான கோருக்கு, அதாவது கட்டளைகளை நிறைவேற்றும் அலகுக்கு, பதில் எட்டு கோர்கள் இருப்பதற்கும் இந்தச் சிந்தனைக்கும் நேரடி உறவு உண்டு.

இரண்டே ஆண்டுகளில் கேள்வி வன்பொருளிலிருந்து இயங்குதளத்துக்கு வந்து சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் மார்க் வைசர், பிரென்ட் வெல்ச், ஆலன் டெமர்ஸ், ஸ்காட் ஷென்கர் நால்வரும் 1994-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அன்றைய மடிக்கணினியில் அதிகம் மின்சாரம் தின்பவை திரை, வட்டு, ப்ராசஸர் என்ற வரிசையில் இருந்தன. முதல் இரண்டையும் மற்றவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்ததால் இவர்கள் மூன்றாவதை எடுத்துக்கொண்டார்கள். விநாடிக்கு எத்தனை மில்லியன் கட்டளைகள் என்று எல்லோரும் அளந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு ஜூலுக்கு எத்தனை மில்லியன் கட்டளைகள் என்று அளக்கச் சொன்னார்கள். யூனிக்ஸ் பணிநிலையங்களில் பதிவு செய்த வேலைத் தடங்களை எடுத்து, வேகம் மாறக்கூடிய ஒரு கற்பனை ப்ராசஸரில் ஓட்டிப் பார்த்தார்கள்.

அவர்கள் ஒப்பிட்ட வழிமுறைகள் மூன்று. முதலாவதுக்கு, தொடக்கம் முதல் முடிவு வரை எந்த நொடியில் என்ன வேலை வரும் என்பது முன்கூட்டியே தெரியும். நடைமுறையில் யாருக்கும் அமையாத நிலை அது. இரண்டாவதுக்கு எதிர்காலத்தின் ஒரு சிறு துண்டு மட்டும் தெரியும். அதுவும் நடக்காது. மூன்றாவது கடந்த சில பத்து மில்லி விநாடிகளைத் திரும்பிப் பார்க்கிறது. அப்போது இருந்த அளவு வேலையே இனியும் வரும் என்று கொள்கிறது. நடைமுறைப்படுத்தக்கூடியது இது ஒன்றுதான். அதுவே கணிசமான ஆற்றலை மிச்சப்படுத்தும் என்று அவர்களின் சோதனை காட்டியது. வேகத்தை ஆள வேண்டியது இயங்குதளத்தின் ஷெட்யூலர், அதாவது எந்த வேலை எப்போது எந்தக் கோரில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதி, என்று அவர்கள் அன்றே எழுதினார்கள். இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கருத்தைப் பின்தொடர்வதுதான். லினக்ஸ் கெர்னல், அதாவது அந்த இயங்குதளத்தின் மையப் பகுதி, அந்த இடத்துக்கு வந்து சேர 22 ஆண்டுகள் பிடித்தன. இடையில் நடந்ததைப் பார்த்தால் ஏன் இவ்வளவு காலம் என்பது புரியும்.

2000-இல் வேகம் மாறும் ப்ராசஸர்கள் கடைக்கு வந்தன. இன்டெல்லின் ஸ்பீட்ஸ்டெப், ஏஎம்டியின் பவர்நௌ, டிரான்ஸ்மெட்டாவின் லாங்ரன் மூன்றும் அந்த ஒரே ஆண்டின் வரவுகள். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது டிரான்ஸ்மெட்டாவில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீட்ஸ்டெப் கொண்ட முதல் மொபைல் பென்டியம் 3 சில்லுகளில் ஒன்று, சுவரில் செருகியிருக்கும்போது 1.6 வோல்ட்டில் 650 மெகாஹெர்ட்ஸ், பேட்டரியில் 1.35 வோல்ட்டில் 500 மெகாஹெர்ட்ஸ் என்று ஓடியது. கணக்குப் போட்டால் பேட்டரியில் அதன் இயக்கத் திறன் சுமார் 55 சதவீதமாகக் குறைகிறது. வேலை முடிய ஆகும் கூடுதல் நேரத்தையும் சேர்த்தால், அதே வேலைக்கான ஆற்றல் சுமார் 71 சதவீதம். மிச்சம் 29 சதவீதம். வேகத்தில் இழந்தது 23 சதவீதம்தான்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் கெர்னல் எழுதியவர்களுக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் மாறும் என்பது அடித்தளத்தையே அசைக்கும் செய்தி. லினக்ஸ் தொடங்கும்போது ஒரு சிறிய வெற்றுச் சுழலை ஓட்டி, குறிப்பிட்ட நேரத்தில் அது எத்தனை முறை சுற்றுகிறது என்று அளந்து வைத்துக்கொள்ளும். போகோமிப்ஸ் என்று திரையில் வரும் எண் அந்த அளவீட்டிலிருந்து வருவதுதான். ஒரு வன்பொருளுக்குக் கட்டளை அனுப்பிவிட்டு 10 மைக்ரோ விநாடி காத்திருக்க வேண்டும் என்றால், கெர்னல் அந்தக் கணக்குப்படி அத்தனை சுற்று வெறுமனே சுற்றும். பேட்டரியில் 500 மெகாஹெர்ட்ஸில் கணினியைத் தொடங்கிவிட்டு, பிறகு மின்செருகியில் மாட்டி 650-க்குத் தாவினால் என்ன ஆகும்? அதே எண்ணிக்கைச் சுற்றுகள் சீக்கிரம் முடிந்துவிடும். 10 மைக்ரோ விநாடி என்று நினைத்தது 8-க்கும் கீழே போகும். எதிர்முனையில் உள்ள வன்பொருள் தயாராகுமுன் அடுத்த கட்டளை போய் விழும். நேரத்தை அளக்கத் துடிப்புகளை எண்ணும் பதிவேட்டுக்கும் இதே சிக்கல். துடிப்பின் நீளம் மாறினால் எண்ணிக்கை நேரத்தைக் காட்டாது. அதனால் 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6-இல் இடம்பெற்ற சிபியுஃப்ரீக் என்ற அமைப்பு, வேகம் மாறுவதற்கு முன்பும் பின்பும் கெர்னலின் மற்ற பகுதிகளுக்கு அறிவிப்புக் கொடுக்கும் ஏற்பாட்டோடு வந்தது. காத்திருப்புச் சுழலின் எண்ணிக்கை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் திருத்தப்பட்டது. அதிர்வெண் மாறினாலும் மாறாமல் ஒரே சீராக எண்ணும் பதிவேட்டைப் பின்னர் ப்ராசஸர் தயாரித்தவர்களே கொடுத்துவிட்டதால், இன்றைய கெர்னலில் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

மாற்றும் வரிசையும் முக்கியம். வேகத்தை ஏற்றும்போது முதலில் மின்னழுத்தம் ஏற வேண்டும். அது நிலைப்பட்ட பிறகே கடிகாரம் ஏறலாம். இறக்கும்போது முதலில் கடிகாரம், பிறகு அழுத்தம். முறை மாறினால் ஒரு கணம் ப்ராசஸர் தனக்குப் போதாத அழுத்தத்தில் ஓடி, தவறான விடை தரும். 2017-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைப்பேசி ஒன்றில் வேண்டுமென்றே அந்தத் தவறை வரவழைத்து, ப்ராசஸரின் பாதுகாக்கப்பட்ட பகுதியிலிருந்து ரகசியத் திறவுகோலை எடுத்துக் காட்டினார்கள். மென்பொருள் கையில் கொடுத்த குமிழ் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அது சாட்சி.

எப்படி மாற்றுவது என்பது முடிந்தது. எப்போது, எவ்வளவு? சிபியுஃப்ரீக்கில் அந்தத் தீர்மானத்தை எடுக்கும் பகுதிக்குக் கவர்னர் என்று பெயர். தொடக்கத்தில் இருந்தவை மூன்று: எப்போதும் உச்ச வேகம், எப்போதும் குறைந்த வேகம், வெளியிலிருந்து ஒரு நிரல் சொல்லும் வேகம். மூன்றாவதை நம்பி, கெர்னலுக்கு வெளியே பின்னணியில் ஓடும் சிறு நிரல்கள் ப்ராசஸரின் சுமையை அவ்வப்போது பார்த்து வேகத்தை மாற்றின. ஆனால் 2003-இல் வந்த பென்டியம் எம் போன்ற சில்லுகள் சுமார் 10 மைக்ரோ விநாடியில் வேகம் மாற வல்லவை. வெளி நிரலின் நிதானம் அந்தத் திறமையை வீணடித்தது. இன்டெல்லில் பணியாற்றிய வெங்கடேஷ் பல்லிபாடி 2004-இல் ஆன்டிமாண்ட் என்ற கவர்னரைக் கெர்னலுக்குள்ளேயே எழுதினார். லினக்ஸ் 2.6.9-இல் அது சேர்ந்தது. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் உலகத்தின் பெரும்பாலான லினக்ஸ் மடிக்கணினிகளையும் தொடக்கக் கால ஆண்ட்ராய்டு கைப்பேசிகளையும் ஆண்டது அதுவும் அதன் வழி வந்தவையும்தான்.

ஆன்டிமாண்டின் விதி இரண்டு வரிகளில் அடங்கும். சில பத்து மில்லி விநாடிகளுக்கு ஒருமுறை, கோர் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்று பார். 80 சதவீதத்தைத் தாண்டினால் நேராக உச்ச வேகத்துக்குப் போ. இல்லாவிட்டால் இந்தச் சுமையைத் தாங்கக்கூடிய குறைந்த வேகத்துக்கு இறங்கு. ஏன் படிப்படியாக ஏறாமல் ஒரே தாவல்? இங்கே ஒரு அழகான காரணம் இருக்கிறது. கோர் 40 சதவீத நேரம் வேலை செய்தது என்றால், அந்த 40 உண்மையான அளவு. அதிலிருந்து தேவையைக் கணக்கிடலாம். 100 சதவீத நேரம் வேலை செய்தது என்றால் அது அளவே இல்லை. வேலை கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம், பத்து மடங்கு மிஞ்சியிருக்கலாம். அளவுகோல் முடிந்த இடத்தில் எதுவும் தெரியாது. தெரியாத நிலையில் பயனாளியின் பொறுமையைச் சோதிப்பதைவிட மின்சாரத்தைக் கொஞ்சம் செலவழிப்பது மேல். உச்சத்துக்குத் தாவி, அங்கே மீண்டும் அளந்து, இறங்கிக்கொள்ளலாம். ஜெராக்ஸ் பார்க்கின் மூன்றாவது வழிமுறை, துணிவு கொஞ்சம் கூடிய வடிவில்.

ஆன்டிமாண்டின் பலவீனமும் அதன் அளவுகோலில்தான். அது கோரைப் பார்த்தது, வேலையைப் பார்க்கவில்லை. ஒரு படத்தொகுப்பு நிரல் முதல் கோரில் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தக் கோர் உச்ச வேகத்துக்கு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷெட்யூலர் ஏதோ காரணத்துக்காக அந்த நிரலை இரண்டாவது கோருக்கு மாற்றுகிறது. இரண்டாவது கோரின் கடந்த காலம் ஓய்வு. ஆகவே அது குறைந்த வேகத்தில் தொடங்கும். முதல் கோரோ வேலை போன பிறகும், அடுத்த அளவீடு வரும்வரை உச்ச வேகத்தில் வெறுமனே நிற்கும். வேலை வந்த இடத்தில் வேகம் இல்லை, போன இடத்தில் இருக்கிறது. வேலையை மாற்றிய ஷெட்யூலருக்கு எல்லாம் தெரியும். கவர்னரிடம் சொல்ல அதற்கு வழியில்லை. இரண்டும் ஒரே கெர்னலுக்குள் வெவ்வேறு அடைவுகளில், வெவ்வேறு ஆட்களால் பராமரிக்கப்பட்டு, ஒன்றையொன்று பாராமல் வாழ்ந்தன.

இதற்கிடையே இயற்பியலும் மாறிக்கொண்டிருந்தது. ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியவர்களும் 1974-இல் காட்டிய விதிப்படி, டிரான்சிஸ்டர் சுருங்கச் சுருங்க அதற்கு வேண்டிய அழுத்தமும் சுருங்கும். சில்லின் ஒரு சதுர மில்லிமீட்டர் உமிழும் வெப்பம் கூடாது. 2004 வாக்கில் 90 நானோமீட்டர் காலத்தில் அந்த உறுதி உடைந்தது. அழுத்தத்தை மேலும் இறக்கினால், மூடியிருக்க வேண்டிய டிரான்சிஸ்டர் வழியாகவும் மின்னோட்டம் கசிந்தது. பென்டியம் 4-இன் வாரிசாக வரவிருந்த டெஹாஸ் சில்லை இன்டெல் அந்த ஆண்டு மே மாதம் கைவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையும் அக்டோபரில் நிறுத்திக்கொண்டது.

கசிவு, நம் முதல் கணக்கைப் புரட்டிப் போடுகிறது. கற்பனையான எண்களில் பார்ப்போம். உச்ச வேகத்தில் ஒரு வேலை 1 விநாடியில் 2 வாட் இழுத்து முடிகிறது: 2 ஜூல். பாதி வேகத்தில், 0.7 மடங்கு அழுத்தத்தில், 2 விநாடி ஆகிறது: சுமார் 0.98 ஜூல். மெதுவாகப் போவதே லாபம். இப்போது, விழித்திருக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் கசிவும் நினைவகமும் மற்றவையும் சேர்ந்து 1.5 வாட் தின்கின்றன என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வேகமாக முடித்தால் மொத்தம் 3.5 ஜூல். மெதுவாகச் செய்தால் 3.98. விரைந்து முடித்துவிட்டு உறங்குவது இப்போது லாபம். கசிவு 0.5 வாட்டாக இருந்தால் கணக்கு மீண்டும் மெதுவின் பக்கம் சாயும். எது சரி என்பது சில்லைப் பொறுத்தது, அதைச் சுற்றியுள்ள பலகையைப் பொறுத்தது. மெதுவே எப்போதும் சிக்கனம் என்று சொல்பவர்களும், விரைந்து உறங்குவதே எப்போதும் சிக்கனம் என்று சொல்பவர்களும் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது.

உறங்குவது என்றால் எப்படி? அதற்கும் ஆழங்கள் உண்டு. மேலோட்டமான உறக்கத்தில் கடிகாரம் மட்டும் நிற்கும். மைக்ரோ விநாடிகளில் எழுந்துவிடலாம். ஆழ்ந்த உறக்கத்தில் கோரின் நிலையைத் தனி நினைவகத்தில் எழுதி வைத்துவிட்டு அழுத்தத்தையே துண்டிக்கலாம். கசிவு ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் எழுதி வைக்கவும் மீட்டெடுக்கவும் நேரமும் ஆற்றலும் ஆகும். ஐந்து நிமிடத்தில் அடுத்த வாடிக்கையாளர் வருவார் என்றால் எந்தக் கடைக்காரரும் ஷட்டரை இழுத்துப் பூட்ட மாட்டார். மதிய வேளை முழுக்க யாரும் வரமாட்டார் என்றால் பூட்டுவார். கெர்னலும் எவ்வளவு நேரம் ஓய்வு கிடைக்கும் என்று ஊகித்துத்தான் ஆழத்தைத் தேர்வு செய்ய வேண்டும். அடுத்த டைமர் எப்போது அடிக்கும் என்பது அதற்கு உறுதியாகத் தெரியும். விசைப்பலகையோ பிணையமோ எப்போது எழுப்பும் என்பது தெரியாது.

லினக்ஸ் தன்னைத்தானே எழுப்பிக்கொண்டும் இருந்தது. 2.6-இன் தொடக்கப் பதிப்புகள் விநாடிக்கு 1000 முறை ஒரு டைமர் குறுக்கீட்டை வாங்கின, செய்ய எதுவும் இல்லாதபோதும். ஆழ்ந்த உறக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தாமஸ் கிளைக்ஸ்னர், இங்கோ மோல்னார் இருவரின் உழைப்பால் 2007 ஏப்ரலில் வந்த 2.6.21 பதிப்பு, ஓய்வில் அந்தத் துடிப்பை நிறுத்திவிடும் வசதியைக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே இன்டெல்லின் அர்யன் வான் டி வென் குழு பவர்டாப் என்ற கருவியை வெளியிட்டது. எந்த நிரல் விநாடிக்கு எத்தனை முறை ப்ராசஸரை எழுப்புகிறது என்று அது பட்டியலிட்டதும், தேவையில்லாமல் எழுப்பிக்கொண்டிருந்த நிரல்களை அவற்றை எழுதியவர்களே ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். கெர்னலின் மின்சிக்கன வரலாற்றில் இதை மிக உயர்வாக மதிக்கிறேன். எந்தச் சட்டமும் தண்டனையும் இல்லாமல், அளந்து காட்டியதாலேயே நடந்த திருத்தம் அது.

2013-இல் நிலைமை இது: வேலையை எங்கே ஓட்டுவது என்பதை ஷெட்யூலரும், எந்த வேகத்தில் என்பதைக் கவர்னரும், எவ்வளவு ஆழமாக உறங்குவது என்பதை ஓய்வு நிர்வாகியும் தனித்தனியே முடிவு செய்தன. மூன்றும் எதிர்காலத்தைத் தனித்தனியே ஊகித்தன. மூன்று ஊகங்களும் ஒன்றோடொன்று முரண்பட்டன. மின்சிக்கனத்துக்காக ஷெட்யூலரில் ஒட்டுப்போடும் திருத்தங்கள் வந்து குவிந்தபோது, அந்த ஆண்டு இங்கோ மோல்னார் ஒரு கோடு போட்டார்: மூன்றையும் ஒன்றாக இணைத்துச் சிந்திக்காத எந்தத் திருத்தத்தையும் ஏற்கப் போவதில்லை. கடுமையான நிலைப்பாடுதான். ஆனால் அது இல்லாமல் அடுத்தது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

அடிக்கல் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. கூகிளின் பால் டர்னர் எழுதி 2013 பிப்ரவரியில் லினக்ஸ் 3.8-இல் சேர்ந்த பெல்ட் என்ற முறை, சுமையைக் கோர் கணக்கில் எழுதாமல் ஒவ்வொரு வேலையின் கணக்கிலும் எழுதியது. நேரத்தை ஏறத்தாழ 1 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி, அந்தத் துண்டில் இந்த வேலை எவ்வளவு நேரம் ஓடியது என்று குறித்துக்கொள்கிறது. பழைய துண்டுகளின் மதிப்பு மெல்ல மங்குகிறது. 32 துண்டுகளுக்கு முந்தையது பாதி மதிப்புதான் பெறும், 64-க்கு முந்தையது கால்வாசி. எல்லாவற்றையும் கூட்டினால் அந்த வேலையின் அண்மைக்காலப் பசி ஓர் எண்ணாகக் கிடைக்கிறது. முழுப் பசி 1024. வேலை வேறு கோருக்குப் போனால் அதன் எண்ணும் கூடவே போகிறது. ஆன்டிமாண்டால் முடியாதது இதுதான்.

இன்னொரு திருத்தமும் தேவைப்பட்டது. பாதி வேகத்தில் ஓடும் கோரில் ஒரு வேலை பாதி நேரத்தை எடுத்துக்கொண்டால், உச்ச வேகத்தில் அதற்குக் கால்வாசிதான் வேண்டும். அந்தக் கோர் எந்த வேகத்தில் ஓடியது என்பதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் எண் பொய் சொல்லும். இதையும் சேர்த்த பிறகு அந்த எண் உண்மையான வேலை அளவைக் காட்டத் தொடங்கியது.

2016 ஜூலையில் வெளியான லினக்ஸ் 4.7-இல் ரஃபேல் வைசோக்கி எழுதிய ஷெட்யூட்டில் கவர்னர் வந்தது. ஷெட்யூலர் ஒரு கோரின் பசிக் கணக்கைப் புதுப்பிக்கும்போதெல்லாம், அதே கணத்தில், அதே எண்ணை எடுத்து வேகத்தைக் கணக்கிடுகிறது. தனியே அளவீடு இல்லை, தனியே ஊகம் இல்லை. சூத்திரமும் எளிது: உச்ச அதிர்வெண்ணைப் பசியின் விகிதத்தால் பெருக்கு, பிறகு 1.25-ஆல் பெருக்கு. அந்த 1.25, 80 சதவீதப் பசியிலேயே உச்ச வேகத்தைக் கேட்க வைக்கும். ஆன்டிமாண்டின் 80 இங்கே திரும்பி வந்திருக்கிறது, அதே காரணத்துக்காக: அளவுகோல் முடியும் இடத்துக்குப் போகாமல், அளக்கும்படியான இடைவெளி எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். 1994-இன் கட்டுரை கேட்டது கடைசியில் நடந்தது.

ஆனால் பசிக்கணக்கு எவ்வளவு நுட்பமானாலும் அதுவும் கடந்த காலம்தான். நெடுநேரம் தூங்கிய ஒரு வேலை திடீரென்று முழுமூச்சாக ஓடத் தொடங்குகிறது என்று வையுங்கள். உங்கள் விரல் திரையைத் தொட்டு ஒரு நீண்ட பட்டியலை உருட்டுகிறது. பாதி மதிப்பு 32 மில்லி விநாடி என்ற விதிப்படி, அந்த வேலையின் எண் 80 சதவீதத்தை எட்டக் குறைந்தது 74 மில்லி விநாடி ஆகும். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் அது நான்கு படங்களுக்கும் மேல். நான்கு படங்கள் தவறினால் கண்ணுக்குத் தெரியும். கைப்பேசி தடுமாறுகிறது என்று பயனாளி சொல்வார். சர்வரில் யாருக்கும் தெரியாத 74 மில்லி விநாடி, கைப்பேசியில் ஒரு தயாரிப்பின் பெயரையே கெடுக்கும். அதனால் ஒரு வேலை உறங்கப் போகும்போது அதன் எண்ணை நினைவில் வைத்து, எழுந்தவுடன் அங்கிருந்தே தொடங்கும் திருத்தத்தை ஆர்ம் நிறுவனத்தார் எழுதினார்கள். 2018-இல் 4.17 பதிப்பில் அது சேர்ந்தது.

அதே ஆர்ம் நிறுவனம் 2011-இல் அறிவித்திருந்த ஏற்பாடு ஒன்று சிக்கலை இன்னொரு பக்கம் விரித்திருந்தது. ஒரே சில்லில் பெரிய கோர்களும் சிறிய கோர்களும். இப்போது கெர்னல் எந்த வேகம் என்று மட்டும் கேட்க முடியாது. எந்தக் கோரில் எந்த வேகம் என்று சேர்த்தே கேட்க வேண்டும். பெரிய கோர் அதன் குறைந்த வேகத்தில் செய்வதையும் சிறிய கோர் அதன் உச்ச வேகத்தில் செய்வதையும் ஒப்பிட்டால், சில வேலைகளுக்கு முதலாவதே சிக்கனம். 2019 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.0, ஒவ்வொரு கோர் வகையும் ஒவ்வொரு வேகத்திலும் எவ்வளவு மின்திறன் இழுக்கும் என்ற அட்டவணையைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தது. ஒரு வேலை விழிக்கும்போது, இதை இந்தக் கோரில் வைத்தால் அந்தக் குழுவின் வேகம் எவ்வளவு ஏறும், மொத்த ஆற்றல் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு, குறைவான இடத்தில் வைக்கிறது. வேகம் எப்படி ஏறும் என்பது ஷெட்யூலருக்குத் தெரிந்திருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஆகவே ஷெட்யூட்டில் கவர்னர் இல்லாவிட்டால் இந்த வசதி வேலை செய்யாது. ஏதாவது ஒரு கோர் தன் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டினால் இந்தக் கணக்கையே ஒதுக்கிவிட்டுக் கெர்னல் பழையபடி சுமையைப் பகிர்ந்தளிக்கும். நிரம்பிய கோரில் வேலைகளின் எண்களை நம்ப முடியாது என்பதே காரணம். அளவுகோலின் முனையைக் குறித்த அந்தப் பழைய எச்சரிக்கை மூன்றாவது முறையாக.

இதற்கு நேர் எதிர்த்திசையிலும் ஒரு ஓட்டம் உண்டு. இன்டெல் 2015-இன் ஸ்கைலேக்கிலிருந்து வேகத் தீர்மானத்தை ப்ராசஸருக்குள்ளேயே எடுத்துக்கொண்டது. அங்கே கெர்னல் 0 முதல் 255 வரை ஒரு விருப்பத்தைச் சொல்லலாம்: 0 என்றால் வேகமே முக்கியம், 255 என்றால் சிக்கனமே முக்கியம். மீதியைச் சில்லே பார்த்துக்கொள்ளும், 1 மில்லி விநாடி அளவிலான விரைவோடு. தன் வெப்பமும் தன் மின்னோட்டமும் சில்லுக்குத் துல்லியமாகத் தெரியும் என்பது உண்மை. வரிசையில் நிற்கும் வேலை எது, அது எதற்காகக் காத்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இந்தப் போக்கு, இணைத்து வைத்ததை மறுபடி பிரிக்கிறது என்றே நான் பார்க்கிறேன்.

சில்லுக்குள் ஓடும் தீர்மானம் எதிர்பாராத இடத்தில் ஒரு கதவையும் திறந்துவிட்டது. 2022 ஜூனில் வெளியான ஹெர்ட்ஸ்பிளீட் ஆய்வு அதைக் காட்டியது. கணக்கிடப்படும் எண்களில் எத்தனை பிட்டுகள் மாறுகின்றன என்பதைப் பொறுத்து மின்திறன் சற்றே மாறும். திறனின் உச்ச வரம்பில் ஓடும் ப்ராசஸர் அதற்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும். வேகம் மாறினால் நேரம் மாறும். நேரத்தைப் பிணையம் வழியாகத் தொலைவிலிருந்தே அளக்கலாம். எந்தத் தரவுக்கும் ஒரே எண்ணிக்கைத் துடிப்புகளில் முடியும்படி கவனமாக எழுதப்பட்ட மறையாக்க நிரல்கூட, துடிப்பின் நீளமே மாறும்போது ரகசியத்தைக் காக்க முடியவில்லை.

வரப்போகும் வேலையை நன்றாக அறிந்த ஒருவர் இன்னும் இருக்கிறார்: அந்த வேலையை எழுதியவர். கெர்னலில் காலக்கெடு வகை வேலைகள் என்று ஒரு பிரிவு 2014 முதல் உண்டு. 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை எனக்கு 2 மில்லி விநாடி வேண்டும் என்று அது முன்கூட்டியே அறிவிக்கிறது; ஷெட்யூட்டில் அந்த அறிவிப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, ஊகமே இல்லாமல் வேகத்தைக் கணக்கிடுகிறது. சாதாரண ஆப் எதுவும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்காக 2019-இல் 5.3 பதிப்பில் யூகிளாம்ப் வந்தது: இந்த வேலையின் பசி எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும் இந்த அளவுக்குக் கீழே எண்ணாதே, எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் இதற்கு மேல் எண்ணாதே என்று இரண்டு எல்லைகள் வைக்கலாம். திரையை வரையும் வேலைக்குக் கீழ் எல்லையை உயர்த்தினால் 74 மில்லி விநாடித் தயக்கம் போய்விடும். பின்னணியில் படங்களைப் பிரதியெடுக்கும் வேலைக்கு மேல் எல்லையைத் தாழ்த்தினால் அது எவ்வளவு பசித்தாலும் பெரிய கோரை எழுப்பாது. ஆண்ட்ராய்டு 12-இலிருந்து ஒரு விளையாட்டு, ஒவ்வொரு படத்தையும் வரையத் தன் இலக்கு நேரம் எவ்வளவு, உண்மையில் எவ்வளவு ஆனது என்று அமைப்புக்குத் தொடர்ந்து தெரிவிக்கலாம். இலக்கைத் தாண்டினால் எல்லையை உயர்த்தவும், நேரம் மிஞ்சினால் தாழ்த்தவும் அமைப்புக்கு அது போதும்.

எல்லா ஆப்பும் எனக்கு உச்ச வேகம் வேண்டும் என்று கேட்டால்? கேட்கும். அதனால்தான் யூகிளாம்ப் எல்லைகளை வேலைக் குழுக்களுக்கும் வைக்கலாம். ஒரு வேலை தனக்கென்று எவ்வளவு கேட்டாலும் அது இருக்கும் குழுவின் எல்லை அதை அடக்கும். முன்னால் தெரியும் ஆப், பின்னணி ஆப் என்று குழு பிரிப்பது கைப்பேசி தயாரிப்பவர் கையில் இருக்கிறது. அந்த எண்களை அவர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் அளந்து, ஓட்டிப் பார்த்து, மாற்றி அமைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.